படம் எங்கே என்று கேட்கிறார்கள்

2020 ஏப்ரல் 18 அன்று ஸ்ரீநகரின் சைபர் காவல் நிலையம் ஒரு வழக்கைப் பதிவுசெய்தது. ஃபேஸ்புக்கில் தேசவிரோதப் பதிவுகளை இட்டு இளைஞர்களைத் தூண்டுவதாகக் குற்றச்சாட்டு. நாம் ஊபா என்று சொல்லும் சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டத்தின் 13ஆம் பிரிவு. ஏழாண்டுவரை சிறை கிடைக்கலாம். குற்றம்சாட்டப்பட்டவர் மஸ்ரத் ஸஹ்ரா, வயது 26. காஷ்மீரைப் படமெடுத்து வாஷிங்டன் போஸ்ட், அல் ஜஸீரா போன்றவற்றில் வெளியிட்டுவந்தவர். ஆனால் காவல் துறையின் அறிக்கை அவரைப் பத்திரிகையாளர் என்று சொல்லவில்லை. ‘ஃபேஸ்புக் பயனர்’ என்றது.

தமிழ் படித்தவளுக்குச் சொல்லில் நிற்பது தொழில். அதனால் இந்தப் ‘பயனர்’ என்ற சொல்லில் கொஞ்சம் நிற்கிறேன். பெண் செய்யும் வேலையை வேலையே இல்லை என்றாக்குவது நமக்குப் பழகிய விஷயம். நாள் முழுக்க நாற்று நட்டுவிட்டு வருகிறவளைக் கணக்கெடுக்க வருபவர் ‘இல்லத்தரசி’ என்று எழுதிக்கொண்டு போவதைப் பார்த்திருக்கிறோம். இங்கே நடந்ததும் அதுதான், கூடவே ஒரு வசதியும் இருந்தது. பத்திரிகையாளர்மீது வழக்குப் போட்டால் பத்திரிகைச் சுதந்திரம் பற்றிப் பேச வேண்டிவரும். பயனர்மீது போட்டால் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். (கேட்டார்கள். அந்த ஆண்டே சர்வதேசப் பெண்கள் ஊடக அறக்கட்டளை அவருக்கு ஆன்யா நீட்ரிங்ஹௌஸ் பெயரிலான துணிச்சல் விருதைக் கொடுத்தது. ஆன்யா, 2014இல் ஆஃப்கானிஸ்தானில் ஒரு போலீஸ்காரரால் சுட்டுக்கொல்லப்பட்ட ஒளிப்படக்காரர்.)

அப்படி என்னதான் பகிர்ந்தார் மஸ்ரத்? பெரும்பாலும் ஏற்கெனவே வெளியான தன் படங்களை. வழக்குக்குச் சற்று முன்னால் அவர் பகிர்ந்தது ஒரு விதவையைப் பற்றியது. 2000இல் கணவர் ராணுவத்தால் சுடப்பட்டு இறந்தார் என்பது அந்தப் பெண்ணின் வாக்குமூலம். இருபது ஆண்டுகளாகக் கணவரின் பொருட்களைப் பத்திரமாக வைத்திருக்கிறார். செய்தித்தாள் நறுக்குகள், இரத்தக் கறை படிந்த ரூபாய் நோட்டுகள். ஒரு பெண் பெட்டியைத் திறந்து காட்டுகிறார், இன்னொரு பெண் படமெடுக்கிறார், அவ்வளவுதான். அந்தப் படத்தில் பிணம் இல்லை, துப்பாக்கி இல்லை, கல்லெறி இல்லை.

இதைப் பார்த்து ஒரு அரசு எதற்காகப் பதற வேண்டும்? இந்தக் கட்டுரையை எழுதவைத்தது இந்தக் கேள்விதான்.

முதலில் எளிய விடையைச் சொல்லிவிடுகிறேன். எழுதுகிறவர் தொலைபேசியில் விசாரித்துக்கூடச் செய்தி எழுதிவிடலாம். படமெடுக்கிறவர் அங்கே போய் நின்றாக வேண்டும். அதனால் ஒளிப்படக்காரரின் சுதந்திரம் உடம்போடு ஒட்டியது. சாலையில் தடுப்பு வைத்தால் அது போய்விடும். ஸன்னா இர்ஷாத் மட்டூவை எடுத்துக்கொள்ளுங்கள். ராய்ட்டர்ஸ் குழுவில் ஒருவராக 2022இல் புலிட்சர் பரிசு பெற்றவர். கொரோனா காலத்து இந்தியாவைப் பற்றிய படங்களுக்கான பரிசு அது. அவருடைய படத்தில் காஷ்மீரின் மலைப் புல்வெளியில் ஓர் ஆட்டிடையருக்குச் சுகாதாரப் பணியாளர் தடுப்பூசி போட்டுக்கொண்டிருக்கிறார். அரசே தன் விளம்பரத்தில் போட்டுக்கொள்ளலாம், அப்படிப்பட்ட படம். அந்த ஆண்டு ஜூலையில் பாரிஸ் போகவிருந்தவரை டெல்லி விமான நிலையத்தில் தடுத்தார்கள். அக்டோபரில் பரிசு வாங்க நியூயார்க் போகவிருந்தபோது மறுபடியும் தடுத்தார்கள். விசாவும் பயணச்சீட்டும் கையில் இருந்தன. காரணம் சொல்லப்படவில்லை. படத்தில் இருப்பது எதுவானாலும் சரி, இவள் பார்த்துக்கொண்டே இருக்கிறாள் என்பதுதான் உறுத்துகிறது.

பெண் பார்க்கிறாள் என்பது அரசுக்கு மட்டுமா உறுத்தும்? 2018இல் துப்பாக்கிச் சண்டை நடந்த இடத்தில் மஸ்ரத் வேலை செய்துகொண்டிருந்ததை யாரோ படமெடுத்து, ‘முக்பிர்’ என்று எழுதிப் பரப்பினார்கள். உளவு சொல்பவள் என்று பொருள். ஆண்கள் கூட்டத்துக்கு நடுவில் ஒரு பெண் கேமராவோடு நின்றால் அவள் யாருக்கோ உளவு பார்க்கிறாள் என்றுதான் ஊருக்குத் தோன்றியிருக்கிறது. ஊருக்கு அவள் போலீஸின் ஆள். போலீஸுக்கு அவள் தேசத்தின் எதிரி. இரண்டுக்கும் நடுவே நின்றுதான் அவர் அந்த விதவையின் வீட்டுக்குள் போனார். அங்கே, அடுப்படிக்குப் பக்கத்து அறையில், ஓர் ஆண் ஒளிப்படக்காரர் உட்கார்ந்து பெட்டியைத் திறக்கச் சொல்லியிருக்க முடியுமா என்பது சந்தேகம்.

இவ்வளவும் சொன்னால் என் மாணவிகள் ஒத்துக்கொள்கிறார்கள். ஆனால் இரண்டாண்டுகளுக்கு முன் முதுகலை வகுப்பில் இதே படங்களைத் திரையில் காட்டிக்கொண்டிருந்தபோது ஒருத்தி எழுந்து கேட்டாள்: “அந்தம்மாகிட்ட கேட்டுத்தான் போட்டாங்களா மேம்?” சிலர் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. அவளுடைய தலைமுறைக்குக் கேமரா என்பது முதலில் ஒரு மிரட்டல். ‘போட்டோவ நெட்ல போட்டுருவேன்’ என்ற ஒரு வாக்கியத்துக்குப் பயந்து கல்லூரியை விட்டு நின்ற பிள்ளைகள் ஊருக்கு ஊர் உண்டு. பொள்ளாச்சியில் நடந்தது கேமராவை வைத்துத்தான். 2025 மே 13 அன்று ஒன்பது பேருக்குச் சாகும்வரை ஆயுள் தண்டனை கிடைத்தது. அதற்கு ஆறு ஆண்டுகளுக்கு முன்னால், புகார் கொடுத்த பெண்ணின் அடையாளத்தைக் காவல் துறை அதிகாரியே பத்திரிகையாளர்கள் முன் வெளிப்படுத்தியதையும் நாம் பார்த்தோம். படம் ‘பிடிப்பது’ என்கிறோம், போலீஸும் ‘பிடிக்கிறது’. படம் ‘எடுப்பது’ என்கிறோம், பாம்பும் ‘படம் எடுக்கிறது’. மொழிக்கு இந்தப் பயம் முன்பே தெரிந்திருக்கிறதோ என்னவோ.

அவளுடைய கேள்விக்கு உலகம் முழுக்கத் தெரிந்த ஒரு முகம்தான் பதில். 1984இல் பெஷாவருக்கு அருகிலிருந்த அகதி முகாமில் ஸ்டீவ் மெக்கரி ஒரு சிறுமியைப் படமெடுத்தார். 1985 ஜூனில் அது நேஷனல் ஜியாக்ரஃபிக் அட்டையில் வந்தது. பச்சைக் கண்கள், கிழிந்த சிவப்பு முக்காடு. அந்தக் கண்களைப் பற்றி எத்தனையோ கவிதைகள் எழுதப்பட்டிருக்கும், தமிழிலும். பெயரை மட்டும் யாரும் எழுதிக்கொள்ளவில்லை. பதினேழு ஆண்டுகள் அவர் ‘ஆஃப்கன் பெண்’. 2002இல் தேடிக் கண்டுபிடித்தபோதுதான் ஷர்பத் குலா என்ற பெயர் உலகத்துக்குத் தெரிந்தது. அவரும் அப்போதுதான் அந்தப் படத்தை முதன்முதலாகப் பார்த்தார். அன்று முகாமில் தனக்குக் கோபம் வந்தது என்று அவர் சொன்னார். அதற்குமுன் யாரும் தன்னைப் படமெடுத்ததில்லையாம். அகதியின் அச்சம், போரின் கொடுமை, கிழக்கின் புதிர் என்றெல்லாம் உலகம் அந்தக் கண்களில் படித்ததில் பாதி, அறிமுகமில்லாத ஆண் ஒருவன் முகத்தைப் படமெடுப்பதில் ஒரு சிறுமிக்கு வந்த கோபம்.

2016இல் போலி அடையாள அட்டை வைத்திருந்ததாக பாகிஸ்தானில் அவரைக் கைதுசெய்து, பிறகு ஆஃப்கானிஸ்தானுக்கு அனுப்பினார்கள். எத்தனையோ ஆயிரம் ஆஃப்கானியர்கள் அப்படிப்பட்ட அட்டையோடுதான் அங்கே வாழ்ந்தார்கள். இவருடைய கைது மட்டும் உலகச் செய்தியானது. அந்தப் படத்தால் கிடைத்த நன்மையைவிடத் தொல்லையே அதிகம் என்று பின்னாளில் ஒரு பேட்டியில் அவரே சொன்னார். அது பொய்ப் படமில்லை. அகதிகள்மேல் உலகின் கவனத்தை அது திருப்பியது உண்மை. ஆனால் அதைப் பத்திரிகைச் சுதந்திரத்தின் வெற்றி என்று சொல்லும்போது, அந்தச் சுதந்திரம் யாரிடமிருந்து கடன் வாங்கப்பட்டது என்பதையும் சொல்ல வேண்டும். கடன் கொடுத்தவளைப் பதினேழு ஆண்டுகள் யாரும் கேட்கவில்லை.

அப்படியானால் படமே வேண்டாம் என்று சொல்லிவிடலாமா? என் மாணவி அந்த முடிவுக்குத்தான் வந்தாள். நான் வரவில்லை. ஏன் என்று சொல்ல ஒரு சங்கப் பாட்டின் வழியாகப் போக வேண்டியிருக்கிறது.

குறுந்தொகையின் 25ஆம் பாட்டை வகுப்பில் நடத்தாத தமிழாசிரியர் இருக்க மாட்டார். கபிலர் பாடியது. தலைவன் வாக்குத் தவறினால் என்ன செய்வது என்று தலைவி தோழியிடம் கலங்குகிறாள். அன்று அங்கே வேறு எவரும் இல்லை. ஒரு குருகு இருந்தது, அதுவும் மீனைப் பார்த்துக்கொண்டிருந்தது. இறைச்சி, உள்ளுறை என்று நாம் நயம் சொல்லிக்கொண்டே போகிறோம். அடியில் கிடப்பது ஒரு வழக்குமன்றத்தின் பிரச்சினை. பெண்ணின் சொல் மட்டும் சாட்சியமாகாது என்பது அவளுக்கே தெரிந்திருக்கிறது. சாட்சிக்குப் பழந்தமிழில் ‘கரி’ என்று பெயர். கரி இல்லாத பெண்ணின் கதை இரண்டாயிரம் ஆண்டுகளாக அப்படியே இருக்கிறது, குருகுக்குப் பதிலாகக் கேமரா வந்திருக்கிறது என்பதைத் தவிர. முன்பு ‘யார் பார்த்தார்கள்’ என்று கேட்டார்கள். இப்போது ‘படம் எங்கே’ என்று கேட்கிறார்கள்.

இந்தக் கேள்வி எவ்வளவு கொடியது என்பதை 2023இல் மணிப்பூர் காட்டியது. மே 4 அன்று குக்கி இனப் பெண்கள் இருவரை ஒரு கும்பல் நிர்வாணமாக்கி ஊர்வலமாக இழுத்துச் சென்றது. மே 18 அன்றே காவல் நிலையத்தில் புகார் பதிவாகிவிட்டது. எங்கே, எப்போது, என்ன நடந்தது என்று அதில் எல்லாம் இருந்தது. இரண்டு மாதங்கள் ஒரு கைதும் இல்லை. மாநிலத்தில் இணையத்தை முடக்கியிருந்தார்கள். ஜூலை 19 அன்று அந்தக் கும்பலில் இருந்தவர்கள் எடுத்த காணொளி வெளியே வந்தது. மறுநாள் பிரதமர் பேசினார், உச்ச நீதிமன்றம் பேசியது, முதல் கைது நடந்தது. சொல்லாகக் கொடுத்த சாட்சியம் இரண்டு மாதம் மேசையில் கிடந்தது. அந்தப் பெண்கள் கோடிக்கணக்கான கைப்பேசிகளில் இரண்டாம் முறை நிர்வாணமாக்கப்பட்ட பிறகுதான் நாடு நம்பியது.

அந்தக் காணொளி வெளிவந்தது நல்லதா கெட்டதா என்ற விவாதம் அப்போது நடந்தது. அந்த விவாதம் எனக்குப் பாதியில் நின்றுவிட்டதாகவே படுகிறது. அங்கே வேறு கேமரா ஏன் இல்லை என்று கேட்டிருக்க வேண்டும். புகார் கொடுத்த மறுநாள் ஒரு பத்திரிகையாளர் அந்தப் பெண்களிடம் போய், முகத்தைக் காட்டாமல், அவர்கள் காட்டச் சம்மதித்ததை மட்டும் படமெடுத்து, அது தடையில்லாமல் வெளியாகியிருந்தால்? பத்திரிகையாளரின் கேமராவை உள்ளே விடாத இடத்தில் குற்றவாளியின் கேமரா மட்டுமே மிஞ்சுகிறது. ஈழத்தில் நடந்ததும் அதுதான். 2009இன் கடைசி மாதங்களில் சுதந்திரமான பத்திரிகையாளர்களைப் போர்ப் பகுதிக்குள் விடவில்லை. பிறகு வெளிவந்து உலகம் பார்த்ததில் பெரும்பகுதி, வென்றவர்கள் தங்கள் கைப்பேசிகளில் வெற்றிச் சின்னமாக எடுத்துவைத்தது. இசைப்பிரியா சண்டையில் இறந்தார் என்று சொல்லப்பட்டதைப் பொய்யாக்கியதும் அப்படிப்பட்ட காட்சிதான். செய்தி வாசித்தவர் அவர், ஊடகப் பெண். அவருடைய கடைசிச் சாட்சியத்தை அவர் சொல்ல முடியவில்லை, பிடித்தவர்களின் கேமரா சொன்னது. அந்தப் படங்களைத் தமிழ்நாட்டில் எத்தனை பேர் எத்தனை விதமாகப் பகிர்ந்தார்கள் என்பதை நினைத்தால் இன்றும் எரிச்சல் வருகிறது. நீதி கேட்கிறோம் என்று சொல்லிக்கொண்டு ஒரு பெண்ணின் சிதைந்த உடலைச் சுவரில் ஒட்டுவதற்கு எந்தக் கூச்சமும் இருக்கவில்லை.

இதற்கு நேர் எதிரான ஒரு படமும் மணிப்பூரிலிருந்தே வந்தது. 2004 ஜூலையில் தங்ஜம் மனோரமாவை அசாம் ரைபிள்ஸ் படையினர் இரவில் வீட்டிலிருந்து அழைத்துச் சென்றார்கள். மறுநாள் குண்டு துளைத்த உடல் கிடைத்தது. ஜூலை 15 அன்று இம்பாலில் காங்லா கோட்டை வாசலில், அந்தப் படையின் முகாம் முன்னால், பன்னிரண்டு பெண்கள் ஆடைகளைக் களைந்துவிட்டு நின்றார்கள். தாய்மார்கள், பாட்டிகள். ‘இந்திய ராணுவமே, எங்களை வல்லுறவு செய்’ என்று ஆங்கிலத்தில் எழுதிய பதாகையைக் கைகளில் பிடித்திருந்தார்கள். உள்ளூர் மொழியில் எழுதவில்லை என்பதைக் கவனியுங்கள். யார் பார்க்க வேண்டும் என்று தெரிந்தேதான் எழுதியிருக்கிறார்கள். கேமராக்கள் வந்திருந்தன.

அந்தப் படம் இல்லாவிட்டால் அது டெல்லிப் பத்திரிகைகளில் இரண்டு வரிச் செய்தி. படம் இருந்ததால் ஆகஸ்டில் இம்பால் நகராட்சி எல்லைக்குள் ஆயுதப் படைகள் சிறப்பு அதிகாரச் சட்டம் விலக்கப்பட்டது. நவம்பரில் காங்லாவை விட்டுப் படை வெளியேறியது. படம் மட்டுமே இதைச் செய்தது என்று சொல்ல மாட்டேன். மாதக்கணக்கில் தெருவில் நின்ற மக்கள் செய்தார்கள். ஆனால் இங்கே படமெடுத்தவர் எதையும் ‘பிடிக்கவில்லை’. அந்தப் பெண்கள் சொல்ல வந்ததை அவர்கள் சொன்ன இடத்திலிருந்து எடுத்துப்போனார், அவ்வளவுதான். அந்தப் படத்தை மங்கலாக்கி அச்சிடுவதைப் பார்க்கும்போது எனக்குக் கேள்வி எழுகிறது. யாருடைய மானத்தைக் காப்பாற்றுகிறார்கள்? மறைக்க வேண்டும் என்று அந்தப் பெண்கள் கேட்கவில்லை. 2023இன் காணொளியில் மறைக்காமல் விட்டவர்கள் எவ்வளவு பெரிய தவறு செய்தார்களோ, இதை மறைப்பதும் அவ்வளவு பெரிய தவறு. தோலின் அளவு இரண்டிலும் ஒன்றாக இருக்கலாம். காட்டியது யார் என்பதில்தான் வேறுபாடு.

கதை இத்தோடு முடிந்திருந்தால் வகுப்பில் சொல்ல வசதியாக இருந்திருக்கும். முடியவில்லை. காங்லாவின் அந்தத் தாய்மார்கள் வந்த மெய்ரா பைபி மரபின் மீதே 2023இல் குக்கி பெண்கள் குற்றம்சாட்டினார்கள், வன்முறைக்குத் துணைபோனதாக. ஒரு படத்தில் நியாயத்தின் பக்கம் நின்றவர்கள் எல்லாப் படத்திலும் அங்கேயே நிற்பார்கள் என்று எந்தப் படமும் உறுதி சொல்வதில்லை. அதனால்தான் பழைய படங்கள் போதாமல் போகின்றன. ஒவ்வொரு முறையும் யாராவது அங்கே போய் நிற்க வேண்டியிருக்கிறது, யாருடைய அனுமதியையும் எதிர்பார்க்காமல், ஆனால் படத்தில் நிற்பவளின் அனுமதியோடு.

இப்போது அந்த இரத்தக் கறை ரூபாய் நோட்டுகளைப் பாருங்கள். கணவரின் உடலைக் காட்டு என்று யாரும் அந்த விதவையைக் கேட்கவில்லை. தன் உடலையும் அவர் சான்றாக வைக்க வேண்டியிருக்கவில்லை. இருபது ஆண்டுகள் தானே தேர்ந்து, தானே சேர்த்து வைத்திருந்ததை எடுத்துக் காட்டினார். மௌனத்துக்கும் குற்றவாளியின் காணொளிக்கும் நடுவில் அவருக்கு இப்படி ஒரு வழி கிடைத்தது, ஒரு பெண் கேமராவோடு வீடு தேடி வந்ததால். அரசு வழக்குப் போட்டது அந்த வழியின் மீது. மஸ்ரத்மீது வந்த வழக்கால் அவருடைய சுதந்திரம் மட்டும் பறிபோனதாக எழுதுகிறவர்கள் பாதியைத்தான் எழுதுகிறார்கள். பக்கத்து ஊரில் இன்னொரு பெண் இன்னொரு பெட்டியைத் திறக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்திருப்பாள். அவளும் அந்த முதல் தகவல் அறிக்கையைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பாள்.

கிளிநொச்சியில் கந்தசுவாமி கோயில் முன்னால் 2017 பிப்ரவரி 20 அன்று தாய்மார்கள் உட்காரத் தொடங்கினார்கள். ‘காணாமல் போனோர்’ என்று எழுதுகிறவர்களைத் திருத்துகிறார்கள்: ‘காணாமல் ஆக்கப்பட்டோர்’. ஒரு வினைச்சொல்லைச் செயப்பாட்டுவினையாக்க ஒரு சமூகம் தெருவில் உட்கார்ந்ததை வேறெங்கும் நான் கண்டதில்லை. அவர்கள் கையில் இருப்பவை பாஸ்போர்ட் அளவுப் படத்தைப் பெரிதாக்கியவை, கல்யாணப் படத்திலிருந்து ஒருவரை மட்டும் வெட்டி எடுத்தவை, பள்ளிச் சீருடையில் எடுத்தவை. எந்தப் பத்திரிகைக்காரரும் எடுத்ததில்லை. ஏதோ ஒரு ஸ்டுடியோவில், அடையாள அட்டைக்காகவோ ஆசைக்காகவோ எடுத்தவை. வெயிலில் நிறம் போகாமலிருக்க பிளாஸ்டிக் உறை போட்டிருக்கிறார்கள். பத்திரிகையாளர்களின் கேமரா வரும்போது சிலர் அந்தப் படத்தைத் தம் முகத்துக்கு நேராக உயர்த்திப் பிடிக்கிறார்கள். அச்சில் தாயின் முகம் தெரிவதில்லை, மகனுடைய முகமும் அதைப் பிடித்திருக்கும் விரல்களும்தான் தெரிகின்றன. ஆண்டுகள் போகப்போக அந்தத் தாய்மாரில் பலர் இறந்துவிட்டார்கள். போராட்டங்களில் இப்போது அவர்களுடைய படங்களையும் மற்றவர்கள் ஏந்தி நிற்கிறார்கள்.